பிஞ்சும் பழமும் வீட்டுக்கு, நடுவில் இருப்பது லாரிக்கு

சித்திரை பிறந்த கையோடு தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக நுங்குக் குலைகள் வந்து இறங்கிவிடும். அங்கே ஒரு மரத்தடியில் நின்று ஒரு டஜன் வெட்டச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, "எளசா குடுங்கண்ணே, நேத்து வாங்கினது பாதி கடுக்காயா இருந்துச்சு" என்றார். நுங்குக்காரர் பதில் சொல்லவில்லை. அரிவாளால் தலையைச் சீவினார், மூன்று கண்களும் தெரிந்தன, கட்டைவிரலால் ஒன்றை அழுத்திப் பார்த்தார், "இது ஆட்டுக்குத்தான் ஆவும்" என்று ஓரமாக வீசிவிட்டு அடுத்ததை எடுத்தார். வீசிய காய்க்கும் வெட்டிக் கொடுத்த காய்க்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே ஒன்று விரல் பட்டால் தண்ணீர் பீய்ச்சும், இன்னொன்று ரப்பர்.

கோடையில் நம் ஊரில் விளைவதைச் சாப்பிடுவதில் என்ன விசேஷம் என்று கேட்டால் நான் இந்தக் கட்டைவிரலைத்தான் சொல்வேன். "இயற்கை", "ஆரோக்கியம்", "ஊர் மண் வாசம்" எல்லாம் அப்புறம் வருகிறவை, அதில் பாதி விளம்பரப் பேச்சும்கூட. விஷயம் ரொம்ப எளிது. ஒரு காய்க்குப் பிஞ்சுப் பருவம் உண்டு, முற்றிய பருவம் உண்டு, பழுத்த பருவம் உண்டு. இதில் தூரப் பயணம் தாங்குவது நடுவில் இருப்பது மட்டும்தான். அதனால் கடைக்கு வருவதும் அதுதான். பிஞ்சும் நன்றாகப் பழுத்ததும் மரத்துக்கும் கொடிக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிற சமாச்சாரம்.

தமிழில் இதற்கு இருக்கும் சொற்களைப் பார்த்தாலே தெரியும். மாம்பிஞ்சு வடு. பலாப்பிஞ்சு மூசு. வாழைப்பிஞ்சு கச்சல். தென்னை, பனையின் இளம்பிஞ்சு குரும்பை. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோன பட்டியல்தான் இது, ஆனால் யாரோ உட்கார்ந்து அகராதிக்காக உருவாக்கியதில்லை. ஒவ்வொன்றையும் வேறு வேறு விதமாகப் பயன்படுத்தியவர்கள், வடுவை உப்பில் போட்டவர்கள், மூசைப் பொரியல் செய்தவர்கள், தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். பழுக்கும் பக்கத்திலும் அப்படித்தான், காய்க்கும் பழத்துக்கும் இடையில் செங்காய் என்று ஒன்று உண்டு, லேசாகச் சிவந்து புளிப்பும் இனிப்புமாக இருக்கும், மிளகாய்த்தூள் தொட்டுக்கொள்ள அதுதான் வேண்டும். இன்றைக்கு சூப்பர்மார்க்கெட் அட்டையில் "மாங்காய்", "மாம்பழம்" என்று இரண்டே சொல்தான் இருக்கிறது.

முதலில் பிஞ்சு. பிஞ்சின் தோல் மெல்லியது, உள்ளே முழுக்கத் தண்ணீர், செல்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் சமயம் என்பதால் அது மூச்சு விடும் வேகமும் அதிகம். பறித்த பிறகும் காய் மூச்சு விடும், தன்னிடம் இருக்கும் சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கும், தோல் வழியாகத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்த வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் மார்கழிக் குளிரில் ராத்திரி முழுக்க லாரியில் வந்த வெண்டைக்காயும் மே மாதத்தில் தார்ப்பாய்க்கு அடியில் வெந்துகொண்டே வந்த வெண்டைக்காயும் ஒரே தூரம் வந்திருந்தாலும் ஒரே காய் இல்லை. பக்கத்தில் விளைந்ததை வாங்குவதால் கிடைக்கும் லாபம் மற்ற மாதங்களைவிடக் கோடையில்தான் அதிகம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வெண்டைக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். பூ விழுந்து நாலைந்து நாளில் பறித்துவிட வேண்டும். ஆறாம் ஏழாம் நாளில் நார் ஏற ஆரம்பித்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். கடையில் நாம் எல்லோரும் நுனியை உடைத்து உடைத்துப் பார்த்துவிட்டு, கடைக்காரர் முறைக்க, பத்துக்கு நாலு தேறும் என்று வாங்கி வருகிறோமே, அந்த நாலுதான் பிஞ்சு. வீட்டில் நாலு செடி இருந்தால் இந்த உடைக்கும் வேலையே கிடையாது, சுண்டுவிரல் அளவில் பறித்து அப்படியே பச்சையாகக் கடிக்கலாம், வழவழப்பு இருக்கும், ஆனால் அதில் ஒரு இனிப்பும் இருக்கும். அந்த இனிப்பு கடை வெண்டைக்காயில் இருப்பதில்லை. பறித்த பிறகு செலவாவது அதுதானே.

வெள்ளரிப் பிஞ்சுக்கு சாத்தூர்ப் பக்கம் பேர் போனது. ரயில் நின்றால் கூடையோடு வருவார்கள், கீறி மிளகாய்த்தூள் உப்பு தடவித் தருவார்கள். விரல் நீளம், விதை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்தக் கரிசல் வெயிலில் அவ்வளவு தண்ணீரை எங்கிருந்துதான் எடுக்கிறதோ என்று தோன்றும். வெள்ளரி, தர்பூசணி, முலாம்பழம், சுரை, பீர்க்கு, புடல், பாகல், பூசணி எல்லாமே ஒரே குடும்பம், கோடையில் நம் சந்தையை இந்த ஒரு குடும்பம்தான் பெரும்பகுதி நடத்துகிறது. இவற்றுக்குச் சூடு வேண்டும், வெயில் வேண்டும், பனி பிடிக்காது, மழைக்காலத்து ஈரத்தில் இலையெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். தையிலோ மாசியிலோ விதை போட்டால் பங்குனி, சித்திரையில் காய்த்துக் கொட்டும். உடம்புக்குக் குளிர்ச்சியாகக் கடவுள் கோடையில் கொடுத்தார் என்று அழகாகச் சொல்வார்கள். எனக்கு இது வேறு மாதிரிப் படுகிறது: கோடையில் விளையக்கூடியது இதுதான், அதனால் நாம் கோடையில் சாப்பிடக் கற்றுக்கொண்டதும் இதைத்தான்.

பிஞ்சு பயணம் போகாது என்ற விதியை உடைக்க நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி உப்பு. மாவடு அதுதான். ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், கடைசிவரை காயாக நிற்பது ஒன்றோ இரண்டோ, சில கொத்தில் அதுவும் இல்லை. மிச்சம் பூவாகவே உதிரும், அதற்குத் தப்பியது பிஞ்சாக உதிரும். மாசி, பங்குனியில் காற்று அடித்தால் மரத்தடி முழுக்கக் கிடக்கும். பெரியம்மா வீட்டில் வடு போடும் நாளில் நாங்கள் எல்லோரும் காம்பு கிள்ள உட்கார்ந்துவிடுவோம், கொஞ்சம் காம்பு விட்டுத்தான் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் பால் வடிந்து கை எரியும். விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, கல்லுப்பு போட்டு, ஜாடியில் மூடி வைத்துவிட்டால் மறுநாளே அடியில் தண்ணீர் விட்டிருக்கும். நாம் ஒரு சொட்டுக்கூட ஊற்றியிருக்க மாட்டோம். உப்பு வடுவுக்குள் இருந்த தண்ணீரை வெளியே இழுத்துவிடும், வடு சுருங்கும், அந்தத் தண்ணீரிலேயே கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துப் போட்டால் வருஷம் முழுக்க நிற்கும். ஒரே கட்டுப்பாடு, வடு பறித்த அன்றோ மறுநாளோ உப்பில் விழுந்துவிட வேண்டும். வாடிய வடுவில் போட்டால் கொழகொழவென்று ஆகிவிடும், சரியான வடு என்றால் ஆறு மாதம் கழித்துக் கடித்தாலும் 'நறுக்'கென்று இருக்கும்.

சரி, அந்தப் பக்கம் போவோம், பழம். இங்கேதான் நிறையக் குழப்பம் இருக்கிறது, "மரத்திலேயே பழுத்தால்தான் ருசி" என்று எல்லாவற்றுக்கும் ஒரே மந்திரம் சொல்கிறோம், அது பாதிதான் உண்மை.

மாங்காய்க்குள் மாவு இருக்கிறது. மரத்தில் இருக்கும்போது அது மாவைச் சேர்த்துக்கொண்டே போகும், பழுக்கும்போது அந்த மாவு சர்க்கரையாக மாறும். இந்த மாற்றம் மரத்தில் நடந்தாலும் ஒன்றுதான், வீட்டு மூலையில் வைக்கோலுக்குள் நடந்தாலும் ஒன்றுதான். அதனால் மாம்பழம் மரத்தில் பழுக்க வேண்டும் என்று அவசியமே இல்லை, மரத்தில் முற்ற வேண்டும், அவ்வளவுதான். தோப்பு வைத்திருக்கும் யாரும் பழுக்கும்வரை மரத்தில் விட மாட்டார்கள், விட்டால் அணிலும் கிளியும் வௌவாலும்தான் சாப்பிடும். முற்றினதா என்று பார்க்க ஒரு சின்ன வழி, காயைத் தண்ணீரில் போட்டால் முற்றினது மூழ்கும், இளசு மிதக்கும். வைக்கோலில் வைப்பதும் சும்மா சாங்கியம் இல்லை. காய் தானே எத்திலீன் என்று ஒரு வாயுவை விடுகிறது, அதுதான் பழுக்கச் சொல்லும் சமிக்ஞை, வைக்கோல் அந்த வாயுவையும் சூட்டையும் அடக்கி வைக்கிறது. ஒன்று பழுக்க ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பதும் பழுக்கிறதே, அது இதனால்தான்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கும் பிரச்சினையும் இங்கேதான் புரியும். ஈரம் பட்டால் கார்பைடு அசிட்டிலீன் வாயுவை விடும், அது எத்திலீன் மாதிரியே நடித்து காயை ஏமாற்றும். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள்படி பழங்களுக்கு அதைப் பயன்படுத்தத் தடை, அதில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பதால். எத்திலீன் வாயுவையே பத்து லட்சத்தில் 100 பங்குவரை அறைக்குள் விட்டுப் பழுக்க வைக்க அனுமதி உண்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ருசி கெடுவதற்குக் காரணம் வாயுவைவிட அவசரம்தான். சீசனின் முதல் வாரத்தில் விலை நன்றாக இருக்கிறது என்று முற்றாத காயைப் பறித்துவிட்டால் உள்ளே மாவே சேர்ந்திருக்காது, எந்த வாயுவாலும் இல்லாத மாவைச் சர்க்கரையாக்க முடியாது. தோல் மட்டும் மஞ்சளாகும். மார்ச் மாதம் பளபளவென்று வந்து நிற்கும் மாம்பழத்தை வாங்கிவிட்டு "இந்த வருஷம் மாம்பழமே சரியில்லை" என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். சேலத்துக்காரர் ஒருவர் திட்டிய பிறகு, சித்திரை பாதி தாண்டும்வரை தொடுவதில்லை.

தர்பூசணி, முலாம்பழம் கதை நேர் எதிர். இவற்றில் சேமித்து வைத்த மாவு கிடையாது. சர்க்கரை முழுக்கக் கொடியிலிருந்து வர வேண்டும், கொடியிலிருந்து அறுத்த நிமிஷத்தோடு இனிப்பு ஏறுவது நின்றுபோகும். அப்புறம் எத்தனை நாள் வைத்தாலும் மெத்தென்று ஆகும், முலாம்பழம் வாசனைகூட கொஞ்சம் விடும், இனிப்பு மட்டும் கூடாது. ஆகவே "பறித்து வைத்துப் பழுக்க வைக்கலாம்" என்பது மாம்பழத்துக்குச் சரி, இவற்றுக்குச் செல்லாது. முலாம்பழம் நன்றாகப் பழுத்தால் காம்பிலிருந்து தானே கழன்றுவிடும், இழுக்கவே வேண்டாம். வெள்ளரிப்பழமும் அப்படித்தான். மிருத்யுஞ்ஜய மந்திரத்தில் "உர்வாருகமிவ பந்தனாத்" என்று வருகிறதே, காம்பிலிருந்து வெள்ளரிப்பழம் விடுபடுவதுபோல மரணத்திலிருந்து விடுபட வேண்டும் என்று, அதை எழுதியவர் நிச்சயம் கொல்லையில் குந்தி உட்கார்ந்து பழத்தைத் தொட்டுப் பார்த்தவர். நம் பக்கத்து வெள்ளரிப்பழம் கழல்வதோடு நிற்காமல் தோல் வெடித்தும் விடும், உள்ளே மாவு மாதிரி வெள்ளையாகப் பிளந்து நிற்கும், ஓலையோ நாரோ சுற்றிக் கட்டி வைத்தால்தான் சிதறாமல் இருக்கும். இதை எந்த லாரியில் ஏற்றுவது? கிலோமீட்டர் கணக்கில் போகவே போகாது. அதனால்தான் நாட்டுச் சர்க்கரை தூவி வெள்ளரிப்பழம் சாப்பிட்ட ஞாபகம் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கிராமத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தர்பூசணியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 2025 கோடையில் சிவப்பு ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, திண்டிவனம், செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகள் வாங்க ஆளில்லாமல் தவித்தார்கள். யோசித்துப் பார்த்தால், ஊசி குத்திய பழம் அந்த வெயிலில் ரொம்ப நாள் தாங்காது, குத்திய இடத்திலிருந்து அழுக ஆரம்பித்துவிடும், சாயமும் ஒரே இடத்தில் தேங்குமே தவிர பழம் முழுக்கச் சீராகப் பரவாது. சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன், தக்காளியைச் சிவக்க வைக்கும் அதே நிறமி. பயப்படுவதைவிட அடியைத் திருப்பிப் பாருங்கள், தரையில் பட்டுக் கிடந்த இடம் வெளிறிய வெள்ளையாக இல்லாமல் நல்ல வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியில் முற்றின பழம். காம்பை ஒட்டிய சுருள் காய்ந்திருந்தால் இன்னும் நிச்சயம், ஆனால் கடைக்கு வரும் பழத்தில் அந்தச் சுருள் இருக்காது, அதைப் பார்க்க வயலுக்குத்தான் போக வேண்டும்.

லாரி எதைக் கேட்கிறது என்பதற்குத் தக்காளியைவிடச் சிறந்த சாட்சி இல்லை. நாட்டுத் தக்காளி தோல் மெலிசு, புளிப்பு, அமுக்கினால் சாறு, ஒரு பெட்டியில் அடுக்கினால் அடியில் இருப்பது ரசமாகிவிடும். கெட்டித் தோல் ஹைப்ரிட் வந்து அதை ஓரங்கட்டியதற்கு ருசி காரணம் இல்லை, பெட்டி காரணம். சென்னைக்குக் கோடையில் வரும் தக்காளியில் பெரும்பகுதி மதனப்பள்ளி, கோலார் பக்கத்திலிருந்து வருகிறது, லேசாக நிறம் திரும்பும்போதே பறித்து ஏற்றிவிடுவார்கள். இதற்காக அந்த விவசாயிகளையோ லாரிக்காரர்களையோ குறை சொல்ல மாட்டேன், நம் ஊர் வெயிலில் தக்காளி அவ்வளவாக வராது என்பதுதான் நிஜம். ராத்திரியும் சூடு இறங்காவிட்டால் பூ காயாகாமல் உதிரும், முப்பது டிகிரியைத் தாண்டி வெப்பம் நீடித்தால் லைக்கோபீன் சரியாக உருவாகாமல் பழம் ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடும். பெங்களூர் மேட்டு நிலத்துக்கு இருக்கும் குளிர்ந்த ராத்திரி சென்னைக்கு இல்லை. எல்லாவற்றையும் உள்ளூரிலேயே வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்கள் மே மாதம் தக்காளியில்லாத சாம்பார்தான் வைக்க வேண்டும். வைக்கலாம், புளியும் மாங்காயும் எதற்கு இருக்கின்றன?

என் மாடித் தோட்டத்தில் நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். முதல் வருஷம் உற்சாகத்தில் தக்காளி, கேரட், கொத்தமல்லி என்று விதைத்தேன். தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது. கொத்தமல்லி நாலு இலை விட்டு உடனே பூத்துவிட்டது. கேரட்டைப் பற்றிப் பேச வேண்டாம். அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த ஒன்பது தக்காளிகளுக்கு, பை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், பச்சை நிழல்வலை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு தக்காளி ஒரு ஆட்டோ சவாரி விலை வந்தது. வீட்டில் இன்றைக்கும் அந்த ஒன்பதைச் சொல்லிக் காட்டுவார்கள். மாடித் தோட்டத்தால் காய்கறிச் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், முதல் இரண்டு வருஷத்துக்காவது அது நடக்காது.

அப்புறம் தான் வெயிலோடு சண்டை போடாத செடிகளுக்கு மாறினேன். தண்டுக்கீரை வெயில் ஏற ஏற வளரும் ஜாதி, சோளம், கரும்பு மாதிரி அதிக வெளிச்சத்திலும் சூட்டிலும் கார்பனைப் பிடிக்கத் தனி வழி வைத்திருக்கும் செடி அது. கொத்தவரை வேரை ஆழமாக விடும், தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் மன்னித்துவிடும். வெண்டை, கத்தரி, பாகல், பசலை எல்லாம் தாங்கும். தொட்டி மண் மேல் காய்ந்த சருகை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் தண்ணீர் நிறைய மிச்சம், வேரும் வேகாது. காலையில் வெயில் ஏறும் முன் ஒரு தடவை, சாயங்காலம் தளம் ஆறிய பிறகு ஒரு தடவை தண்ணீர். இந்தத் தண்ணீர் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டு குடிக்கவே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது எங்கள் தொட்டிகள் எல்லாம் பாத்திரம் கழுவின தண்ணீரில் நின்றன, பிறகு அதுவும் இல்லாமல் போய்விட்டன. அரிசி கழுவின தண்ணீர் குடித்த கத்தரிச் செடி ஒன்று மட்டும் எப்படியோ பிழைத்தது.

கொடி வகைகளில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "பூ நிறைய பூக்குது, காயே வரல, ஏன்?" இந்தக் குடும்பத்தில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூதான், சூடு அதிகமாக இருந்தால் அதுவே இன்னும் கூடுதலாக வரும். பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம், இதழுக்குக் கீழேயே குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். ஐந்தாவது மாடியில் தேனீ வராவிட்டால் ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் நாமே தடவ வேண்டும். இதில் நேரம் முக்கியம். வெள்ளரியும் பூசணியும் காலையில் விரியும், பீர்க்கும் சுரையும் பொழுது சாயும்போது விரியும். நான் இரண்டு வாரம் காலையில் எழுந்து பீர்க்கம்பூவைத் தடவிக்கொண்டிருந்தேன், அது முந்தின சாயங்காலமே விரிந்து முடிந்துபோன பூ என்று தெரியாமல். பிறகு ஆபீஸிலிருந்து வந்து ஆறரை மணிக்கு மாடிக்குப் போனால், மஞ்சளாக ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருக்கும், லேசாக ஒரு வாசனையும் வரும். அந்த வாரத்திலிருந்து காய்க்க ஆரம்பித்தது.

வீட்டில் விளைந்தது என்பதற்காக எல்லாமே அமிர்தம் என்று நினைத்துவிடவும் கூடாது. வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் சுரை, வெள்ளரி வகைகளில் குக்கர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் ஏறும். வெள்ளரியில் காம்புப் பக்கம்தான் அதிகம், அதனால்தான் அந்தப் பக்கத்தை வெட்டிவிடுகிறோம். சுரைக்காய் கசந்தால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், வாந்தி, வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது, முக்கியமாகப் பச்சையாக ஜூஸ் போட்டுக் குடித்தவர்களுக்கு. ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுவது நல்ல பழக்கம். அதேபோல "அணில் கடிச்ச பழம்தான் ருசி" என்று சின்ன வயதில் பொறுக்கித் தின்றதெல்லாம் சரி, 2018இல் கோழிக்கோட்டில் வௌவால் மூலம் பரவும் நிபா வைரஸ் வந்த பிறகு கடிபட்ட பழம் எதையும் சாப்பிட வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது, அணிலா வௌவாலா என்று பல் தடத்தைப் பார்த்து நாம் கண்டுபிடிக்கப்போவதில்லை.

மாம்பழ வண்டுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். நீலம் ரக மாம்பழம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி, தோலில் ஓட்டையே இல்லை, கொட்டைக்குள் கறுப்பாக வண்டு எப்படிப் போனது? காய் குட்டியாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டையிட்டுவிடும், புழு பொரிந்து இளங்கொட்டைக்குள் துளைத்துப் போய்விடும், காய் பெருக்கப் பெருக்க அந்தத் தடம் மூடிவிடும். வண்டு கொட்டையைத்தான் தின்கிறது, சதையை அநேகமாகத் தொடுவதில்லை. என் தம்பிக்கு இதை விளக்கிச் சொல்லியும் இன்னும் நீலத்தை நறுக்கித்தான் சாப்பிடுகிறான், கொட்டையைச் சப்புவது இல்லை. நஷ்டம் அவனுக்கு.

மாடியோ கொல்லையோ இல்லாதவர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது, 1999 நவம்பரில் மதுரையில் ஆரம்பித்தது, இன்றைக்குப் பல மாவட்டங்களில் உண்டு. ஆனால் எட்டரை மணிக்குப் போய் "ஒண்ணும் நல்லா இல்லையே" என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கீரையும் பிஞ்சும் விடியும் முன் பறித்து வந்தவை, ராத்திரிக் குளிர்ச்சியும் தண்ணீரும் உள்ளே இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும், ஆறு மணிக்குப் போனால் கிடைக்கும். இரண்டு மூன்று வாரம் ஒரே ஆளிடம் வாங்கினால் அவர்களே எடுத்து வைப்பார்கள். என்னிடம் ஒரு அக்கா, "தம்பி, அத எடுக்காத, நேத்து பறிச்சது" என்று என் கையிலிருந்து புடலங்காயைப் பிடுங்கி வைத்திருக்கிறார், வேறு எந்தக் கடையிலும் அது நடந்ததில்லை. சந்தையிலும் எல்லாமே மருந்தடிக்காத காய் என்று நினைக்க வேண்டாம், பக்கத்தில் விளைந்ததும் மருந்தில்லாமல் விளைந்ததும் ஒன்றல்ல. விலைக்கு யோசிக்காமல் வாங்க முருங்கை இருக்கிறது, கோடையில் தெருவெல்லாம் காய்த்துத் தொங்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள், மார்கழியில் அதே காய்க்குத் தங்கத்தின் விலை சொல்வார்கள். மாதத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டிய காய் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் முருங்கையைத்தான் சொல்வேன்.

கத்திரி வெயில் முடிந்து ஆனி பிறக்கும்போது நுங்குக்காரர் கடையைக் கட்டிவிடுவார். வெட்டாமல் மரத்தில் விட்ட குலைகள் ஆடி, ஆவணியில் பனம்பழமாக விழும், கொட்டையை மண்ணில் புதைத்தால் தைப் பொங்கலுக்குக் கிழங்கு. என் மாடியில் அவ்வளவு நீளமான கணக்கு ஒன்றும் இல்லை. போன சித்திரையில் நிழல்வலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு பீர்க்கங்காயைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம், கண்ணில் பட்டபோது முழங்கை நீளம், தோல் காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலத்தது. அம்மா தோலை உரித்து, விதையைத் தட்டி ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த நார்க்கூட்டை உடம்பு தேய்க்கக் குளியலறை ஆணியில் மாட்டிவிட்டாள். ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது, இந்த வருஷம் ஓடும்.